செம்பட்டியிலிருந்து வந்த கிட்டார்

தம்பி,

இன்று காலையில் பேத்தி தன் அறையில், கிட்டாரைச் சொருகி வாசிக்கிற புது ஸ்பீக்கர் பெட்டியின் சுவிட்சைப் போட்டாள். நான் அடுப்படியில் வெஞ்சனத்துக்குக் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு இரைச்சல் கிளம்பியது. மாவு மில்லில் பெல்ட்டு ஓடத் தொடங்கும்போது வருமே, அந்த மாதிரி அடித்தொண்டை இரைச்சல். கொஞ்ச நேரம் அப்படியே இரைந்துகொண்டிருந்தது. பிறகு அவள் கம்பிமேல் கை வைத்திருப்பாள், சட்டென்று அடங்கியது. கையை எடுத்தாள், திரும்பி வந்தது. வைத்தாள், அடங்கியது.

நான் எழுந்து போய் அவள் காலைத்தான் முதலில் பார்த்தேன். ரப்பர் செருப்பு போட்டிருந்தாள். "என்ன அம்மாச்சி, என் கால்ல என்ன இருக்கு?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். நறுக்கிய கத்திரிக்காய் கறுத்துக்கொண்டிருக்கிறது. அதை அப்படியே போட்டுவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீ போய்ப் பதினோரு வருடமாகிறது. யாராவது கேட்டால் கரண்டு அடித்துவிட்டது என்று இரண்டு வார்த்தை சொல்வேன். அதற்குமேல் யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. மிச்சத்தை இன்று உன்னிடம்தான் சொல்ல முடியும். அதில் பாதி உனக்கும் தெரியும்.

ஐந்தாவதோடு நின்றவள் நான். ஆனாலும் ஒரு சாமானைக் கையில் எடுத்தால் அது தேறுமா தேறாதா என்று சொல்லிவிடுவேன் என்று நம் தெருவில் எனக்கு ஒரு பேர் இருந்தது. உன் மச்சானுடைய பூட்டுப் பட்டறையில் இருபது வருடம் அரம் பிடித்தவள். பித்தளையைச் சுண்டிக் காதில் கேட்டே கலப்படம் சொல்வேன். கல்யாணச் சேலை, தவலை, தையல் மிஷின், எது வாங்கப் போனாலும் அக்கம்பக்கத்தார் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். எனக்கும் அதில் தலைக்கனம் உண்டு. நீயும் என்னைக் கூட்டிக்கொண்டு போனாய்.

தொண்ணூறுகளின் நடுவில் அது. பகலில் நூல் மில்லில் ஷிப்ட், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பாட்டுக் குழு, கல்யாண சீசனில் கச்சேரிக் குழு என்று மூன்று இடத்தில் நீ ஓடிக்கொண்டிருந்தாய். வயிற்றில் ஓட்டை உள்ள சாதா கிட்டார்தான் உன்னிடம் இருந்தது. கச்சேரிக் குழுக்காரர் ஒருநாள் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார், இனிமேல் எலெக்ட்ரிக் கிட்டார் இல்லாமல் மேடைக்கு வராதே, மதுரையிலிருந்து ஒரு பையன் வரத் தயாராக இருக்கிறான் என்று. அன்று சாயங்காலம் வந்து நீ என் வீட்டுப் படியில் உட்கார்ந்தது ஞாபகமிருக்கிறது. சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை.

மதுரைக் கடையில் நமக்குக் காட்டியது தக்காளிச் சிவப்பில் ஒரு புதுக் கிட்டார். முகம் பார்க்கலாம், அம்புட்டு பளபளப்பு. கடைக்காரர் உடனே வயரைச் சொருகிக் காட்டப் போனார். நீ தடுத்தாய். "கரண்டு குடுத்துட்டா எல்லாமே பாடும்ணே. கரண்டு இல்லாம பாடுதான்னு மொதல்ல பாக்குறேன்" என்றாய். ஒரே ஒரு கம்பியைச் சுண்டிவிட்டுக் கையை எடுத்தாய். நான் வாய்க்குள், மாதாவுக்குச் சொல்கிற அருள் நிறைந்த மந்திரத்தைத் தொடங்கினேன். நேரத்தை அளக்க எனக்கு அதைவிட்டால் வேறு தெரியாது, முட்டை அவிப்பதும் அந்தக் கணக்கில்தான். மந்திரத்தில் முதல் மூச்சு முடிவதற்குள் நாதம் செத்துப்போனது.

"கம்பிக்கு அடியில இருக்குற காந்தம் கம்பியத்தான்க்கா கேக்கும், மரத்தக் கேக்காது" என்று எனக்கு விளக்கினாய். "ஆனா கம்பி எம்புட்டு நேரம் ஆடணும்னு மரந்தான் முடிவு பண்ணும். இங்க காது வச்சுக் கேளு." கிட்டாரின் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருந்த இடத்தில் நான் காதை வைத்தேன். நீ சுண்டினாய். ஈரச் சுவரில் ஆணி அடித்த மாதிரி 'டொக்' என்று கேட்டது. கடைக்காரர், "என்னம்மா, நாடி பாத்தாச்சா? உசுரு இருக்கா?" என்றார். பின்பக்கத் தகட்டைக் கழற்றச் சொன்னேன். உள்ளே வர்ணம் படாத இடத்தில் மரம் ஏடு ஏடாக ஒட்டியிருந்தது, ஒட்டுப்பலகை. கழுத்தும் உடம்பும் சேர்கிற சந்தில் என் நகம் போனது. "பூட்டுல இம்புட்டு எடைவெளி விட்டா திருடனுக்கு வேலை மிச்சம்" என்றேன். நீ சிரித்துவிட்டு, திருகு போட்டுக் கழுத்தை மாட்டுவது தப்பில்லை, நல்ல கிட்டாரிலும் அப்படி உண்டு, இறுக்கமில்லாமல் கிடப்பதுதான் தப்பு என்றாய். நாம் வாங்காமல் எழுந்து வந்தோம். கடைக்காரருக்கு வருத்தம்தான். எனக்கு என்னைப் பற்றி ஒரே பெருமை.

செம்பட்டியில் ஒரு கிட்டார் விலைக்கு இருக்கிறது என்று உன் குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறவர் சொன்னார். கப்பலில் வேலை பார்த்துத் திரும்பி வந்த ஒருவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது. அவர் இறந்து ஆறு மாதமாகிறது, சம்சாரம் விற்கிறது என்றார். நீயும் நானும் பஸ் ஏறிப் போனோம். நல்ல உச்சி வெயில். வத்தலக்குண்டு ரோட்டிலிருந்து பிரிந்து தென்னந்தோப்புக்குள் போகிற மண்பாதையில் அந்த வீடு. அந்தப் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. ஒரு அறையின் பூட்டைத் திறந்துவிட்டு நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டது. "எடுத்துப் பாருங்கண்ணே. நான் உள்ள வரல."

கட்டில் மேல், பழைய வேட்டியில் சுற்றி வைத்திருந்தது. நான்தான் பிரித்தேன். கருப்பட்டி நிறம். அங்கங்கே வர்ணம் தேய்ந்து மரத்தின் ரேகை தெரிந்தது. தூக்கினால் அம்மிக்குழவி மாதிரி கனம். உடம்பு ஒரே மரம், ஒட்டு இல்லை. கழுத்து உடம்போடு பசை வைத்துச் சேர்த்தது. சேர்ந்த இடத்தை நகத்தால் தேடித் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. நீ கட்டிலில் உட்கார்ந்து ஒரு கம்பியைச் சுண்டினாய். நான் மந்திரத்தைத் தொடங்கினேன். முதல் பாதி போனது, நாதம் இருந்தது. இரண்டாம் பாதிக்கு வந்தேன், அப்போதும் இருந்தது. கடைசியில் மரண நேரம் என்று வருகிற இடம் வரைக்கும் காற்றில் நூலாக இழுத்துக்கொண்டு வந்து, அங்கேதான் மெல்லப் போனது. நீ என்னைப் பார்த்தாய். உன் முகத்தை அந்த மாதிரி உன் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை.

வீட்டுக்காரருக்கு என்ன செய்தது என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். கேட்காமல் இருக்கக் கூடாதே என்று கேட்டதுதான்.

"நெஞ்சுவலின்னு எழுதிக் குடுத்தாக" என்றது. நிலைப்படியில் சாய்ந்துகொண்டது. "குளிச்சிட்டு ஈரத்தோட வந்து உக்காந்தாரு. இத எடுத்து மடியில வச்சாரு. விழுந்த பொறகும் கை கம்பிய விடலக்கா. நான் கண்ணால பாத்தேன்."

நான் உச்சுக்கொட்டினேன். நீ கிட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். தம்பி, அந்தப் பெண் நமக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. ஈரம் என்று சொன்னது, கை விடவில்லை என்று சொன்னது, கண்ணால் பார்த்தேன் என்று சொன்னது. பட்டறையில் மோட்டார் ஓடுகிற இடத்தில் இருபது வருடம் வேலை செய்தவள் நான். கை எப்போது விடாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அந்த வாசலில், அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது எனக்கு அது புருஷனைப் பறிகொடுத்தவளின் புலம்பலாகத்தான் காதில் விழுந்தது. அந்தக் கிட்டாரில் ஏதோ கெட்டது இருப்பதாகப் பயப்படுகிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

மூலையில் பெட்டி இருந்தது. பழைய வால்வு ரேடியோ மாதிரி உள்ளே கண்ணாடிக் குமிழ்கள், வெளியே துருப்பிடித்த தகடு, இரண்டே பின் உள்ள பிளக். இந்தக் கிட்டாரின் காந்தம் சாந்தமானது, இந்த மாதிரிப் பெட்டியில்தான் அதன் குரல் முழுதாக வரும் என்று நீ சொன்னாய். அதற்கும் விலை கேட்டாய். அந்தப் பெண் தலையை ஆட்டியது. "அதுக்கு நான் காசு வாங்க மாட்டேண்ணே. எடுத்துட்டுப் போறதா இருந்தா சும்மா எடுத்துட்டுப் போங்க. விட்டுட்டுப் போனா இன்னும் நல்லது."

சும்மா கிடைக்கிறது என்று நமக்குச் சந்தோஷம். பஸ்ஸில் கிட்டாரை நீ மடியில் வைத்துக்கொண்டாய், பெட்டியை நான் காலடியில் வைத்துக்கொண்டேன். கை கம்பியை விடவில்லை என்று அந்தப் பெண் சொன்னது உன் மனதில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. பாதி வழியில் மெதுவாகச் சொன்னாய், "கலைஞன் சாவுன்னா அப்படித்தான்க்கா இருக்கணும்." நான் உன் தலையில் ஒரு குட்டு வைத்தேன். "வாயக் கழுவு" என்றேன்.

பேய்க்கும் பிசாசுக்கும் பயப்படுகிற ஆள்கள் இல்லை நாம், வேதக்காரர்கள் என்று ஊருக்குச் சொன்னேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. மறுநாளே உன்னைக் கூட்டிக்கொண்டு பங்குச் சாமியாரிடம் போய்க் கிட்டாரையும் பெட்டியையும் மந்திரித்து வாங்கினேன். புது வண்டிக்குச் செய்கிற மாதிரி. சாமியார் தீர்த்தத்தைக் கையில் எடுத்துவிட்டுத் தயங்கினார். "கரண்டு சாமான்ல தண்ணி தெளிக்கலாமாம்மா?" என்று கேட்டார். "கொஞ்சூண்டு தெளிங்க சாமி, தொடச்சுக்கிறோம்" என்றேன். எல்லோரும் சிரித்தோம். மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிற ஒரு ஆளிடம் காட்ட வேண்டியதைக் கோயிலில் கொண்டுபோய்க் காட்டினோம். அன்று அது முடிந்ததாக நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சோறு தின்றேன்.

அப்புறம் அந்த இரைச்சல். பெட்டியைப் போட்டதும் குமிழ்கள் மெல்லச் சிவந்தன, தூசி கருகுகிற வாசம் வந்தது, இரைச்சல் கிளம்பியது. நீ கட்டிலில் காலை மடித்துப் போட்டு உட்கார்ந்து கம்பியைத் தொட்டாய். அடங்கிவிட்டது. "பாத்தியாக்கா, என் கைய அதுக்கு அடையாளம் தெரிஞ்சுபோச்சு" என்றாய். நான் அதை நம்பினேன், தம்பி. பால்காரர் வரைக்கும் சொல்லியிருக்கிறேன், எங்கள் தம்பி கை வைத்தால்தான் அது அடங்கும் என்று.

கழுத்தின் தலைப்பக்கம் ஆறு கம்பியும் ஏறி இறங்குகிற சின்னத் துண்டு கீறல் விட்டிருந்தது, எலும்புத் துண்டு. நான் பட்டறையில் ஒரு பித்தளைக் கட்டியை எடுத்து இரண்டு நாள் அரம் பிடித்து அதே அளவில் செய்து கொடுத்தேன். ஆறு வரியையும் சாவி வெட்டுகிற சன்ன அரத்தில் வெட்டினேன். மாட்டிவிட்டு நீ கம்பிகளை மொத்தமாகத் தடவினாய். விரல் வைக்காத கம்பிகளில் ஒரு தெளிவு வந்திருந்தது, கோயில் சின்ன மணி மாதிரி. "மரத்துக்கு வயசாயிருச்சு, நீதான் பல்லு கட்டியிருக்க" என்றாய். அந்தக் கிட்டாரில் என் கை வேலையும் இருக்கிறது என்று எனக்கு எத்தனை கர்வம்!

இரண்டு வருடம் நன்றாகத்தான் இருந்தாய். நத்தம், வேடசந்தூர், நிலக்கோட்டை என்று கச்சேரிகள். மேடை எல்லாம் பலகை, உன் காலில் எப்போதும் சூஸ். எப்போதாவது பாடுவதற்கு மைக்கின் பக்கம் போனால் உதட்டில் எறும்பு கடித்த மாதிரி இருக்கிறது என்பாய். ஒருநாள் என் வீட்டில் நீ வாசித்துக்கொண்டிருந்தபோது நான் காபி டம்ளரை நீட்டி, உன் விரல் என் விரலில் பட்டது. சுருக்கென்றது. நான் கையை உதறினேன். "நல்ல சாமானுக்குக் கொஞ்சம் கோவம் இருக்கும்க்கா" என்று சொல்லிவிட்டுக் காபியை வாங்கிக்கொண்டாய். நான் டம்ளரைக் கழுவப் போய்விட்டேன். அவ்வளவுதான். அந்தச் சுருக்கென்றதை அன்றைக்கே மறந்துவிட்டேன். இப்போது எந்தக் கையில், எந்த விரலில் என்றுகூடச் சொல்வேன்.

சாணார்பட்டிப் பக்கம் நம் அம்மா பிறந்த ஊரில் கொடியேற்றம். கோடையின் கடைசி. நீ ஷிப்ட் முடிந்து நேராக வந்தாய், மில் சட்டை, சூஸ். கோயில் வாசலுக்கு இடப்பக்கம் வெறும் தரையில்தான் பாட்டுக் குழுவுக்கு இடம். கொடி சுற்றி வரும்போது புழுதி கிளம்பக் கூடாது என்று பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் தெளித்திருந்தார்கள். மண் கறுத்துக் குழைந்து கிடந்தது. மைக் செட்டுக்காரர் கோயிலிலிருந்து வயர் இழுத்திருந்தார். உன் பெட்டியின் பிளக்கை யாரோ சொருகினார்கள். யார் என்று யாருக்கும் தெரியாது. எந்தப் பக்கமாகத் திருப்பிச் சொருகினார்கள் என்றும் தெரியாது.

நான் பெரியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பெரியம்மா என் காதில் படுகிற மாதிரிப் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது, "கோயில் வாசல்லயே சூஸோட நிக்கிறான் பாரு. மில்லுக்காரன்ல, துரை." நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. எழுந்து உன்னிடம் வந்தேன். நீ குனிந்து பெட்டியில் ஏதோ திருகிக்கொண்டிருந்தாய்.

"ஏலே, சூஸக் கழட்டு."

"செத்த நேரந்தான்க்கா. தரை பூராம் சகதி."

"அம்மா பொறந்த ஊருல எம் மானத்த வாங்காத. கழட்டு."

நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். கோபமில்லை. கழுத்திலிருந்து கிட்டாரை இறக்கிப் பெட்டிமேல் சாய்த்துவிட்டுக் குனிந்து கழற்றினாய். காலுறையைச் சுருட்டிச் சூஸுக்குள் திணித்து, இரண்டையும் ஜோடியாகச் சுவரோரம் வைத்தாய். "இப்ப ஒனக்குச் சந்தோஷமா?" என்று கேட்டாய். நான் திரும்பி நடந்தேன். பெரியம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

எனக்குப் பின்னால் நீ கிட்டாரை மாட்டிக்கொண்டு வாசிக்கத் தொடங்கியது கேட்டது. அந்த நாதம் வந்தது, பிறகு நின்றது. பிறகு இரைச்சல் மட்டும். நீ தொட்டால் இரைச்சல் வராதே என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். நீ தொட்டுக்கொண்டுதான் இருந்தாய். இரண்டு கையும் கம்பிமேல். கண் திறந்திருந்தது. உன் குழுப் பிள்ளைகள் நீ லயித்து நிற்பதாக நினைத்துத் தாளத்தை மெதுவாக்கிக்கொண்டு காத்திருந்தார்கள். கொடியைப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்தில் யாரும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. கை கம்பியை விடவில்லை என்று அந்தப் பெண் சொன்னது அப்போதுதான், இரண்டு வருடம் கழித்து, எனக்குக் காதில் விழுந்தது.

நான் கத்தினேன். மைக் செட்டுக்காரர் மெயினைப் பிடுங்கினார். அதற்குள் நீ விழுந்திருந்தாய். கொடி பாதி மரத்தில் நின்றது. ஒரு ஜீப்பில் உன்னைத் திண்டுக்கல்லுக்குக் கொண்டுபோனோம். என் மடியில்தான் உன் தலை. மலைக்கோட்டை கண்ணுக்குத் தெரிகிற இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

அடக்கம் முடிந்து ஒரு வாரத்தில் பெட்டியையும் கிட்டாரையும் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடைக்குக் கொண்டுபோனேன். அவர் பெட்டியைத் திறந்து டார்ச் அடித்துக் காட்டினார். துணி சுற்றிய பழைய வயர் ஒன்று தோல் உரிந்து தகட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. ரெண்டு பின் பிளக், ஒரு பக்கம் சொருகினால் ஒன்றும் தெரியாது, திருப்பிச் சொருகினால் தகடு முழுக்கக் கரண்டு என்றார். தகட்டிலிருந்து கிட்டாருக்குப் போகிற வயர், கிட்டாருக்குள் இருந்து கம்பிகளைத் தாங்குகிற இரும்புக்குப் போகிற வயர், எல்லாவற்றையும் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டிக்கொண்டே வந்தார்.

"கிட்டார்ல குத்தம் இல்லம்மா. ஒழுங்கா செஞ்ச சாமான். எரைச்சல் வராம இருக்கத்தான் கம்பியையும் தகட்டையும் சேத்துருக்கான். நாம தொட்டா நம்ம ஒடம்பு வழியா அந்த எரைச்சல் எறங்கிரும், அதான் அடங்குது. பெட்டி நல்லா இருந்தா இது காவல். பெட்டி கெட்டுச்சுன்னா இதுவே வழி."

"அது அவன் கையத் தெரிஞ்சுக்கிட்டு அடங்கலயா?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு டார்ச்சை அணைத்தார்.

மதுரையில் நாம் மட்டம் என்று தள்ளிய சிவப்புக் கிட்டாரைப் பற்றிக் கேட்டேன். அந்த மாதிரி மலிவுச் சாமானில் பல நேரம் அந்த வயரையே விட்டுவிடுவார்கள், இரைந்துகொண்டே கிடக்கும் என்றார். இரைந்துகொண்டே கிடந்திருக்கும், தம்பி. நாதம் ஒரு மூச்சுக்கு மேல் நிற்காது. கச்சேரிக் குழுக்காரர் முகம் சுளித்திருப்பார். நீ இன்றைக்குத் தொப்பை போட்டு, தலை நரைத்து, அந்தச் சிவப்பைத் திட்டிக்கொண்டு இருந்திருப்பாய். நல்லதாகப் பார்த்துத் தேடிப் பிடித்தவள் நான்தான்.

முப்பதாம் நாள் பூசைக்குச் செம்பட்டியிலிருந்து அந்தப் பெண் வந்தது. யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றது. நான் போனதும், "பெட்டிய நான் ஒடச்சுப் போட்டிருக்கணும்க்கா" என்று அழுதது. "நீ சொல்லத்தான் செஞ்ச, நாங்கதான் கேக்கல" என்று அதன் கையைப் பிடித்துச் சொல்லியிருக்கலாம். சுற்றி ஆள்கள் நின்றார்கள். "இப்ப எதுக்கு வந்த?" என்று கேட்டேன். அது சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நடந்து போய்விட்டது. அதற்குப் பிறகு செம்பட்டி வழியாகப் பஸ் போகும்போதெல்லாம் நான் ஜன்னலுக்கு மறுபக்கம் பார்ப்பேன்.

ஆனால் உன்னிடம் சொல்ல வந்தது இது இல்லை. சூஸ். கோயில் சுவரோரம் நீ ஜோடியாக வைத்த அதை யாரோ மஞ்சப் பையில் போட்டு உன் வீட்டில் கொடுத்திருக்கிறார்கள். உன் வீட்டுக்காரி அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டாள், "எங்கயும் சூஸக் கழட்ட மாட்டாரே அண்ணி. அன்னைக்கு ஏன் கழட்டுனாரு?" நான், "கோயில்ல, அதான் மரியாதைக்குக் கழட்டியிருப்பான்" என்றேன். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். அவள் அதை நம்பினாள். பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லி வளர்த்தாள். ஆண்டவர் சந்நிதியில் மரியாதையாக வெறுங்காலோடு நின்று உங்கள் அப்பா உயிரை விட்டார் என்று. உன் பெரியவன் அதைக் கட்டுரை நோட்டில் எழுதி என்னிடமே வாசித்துக் காட்டினான். நன்றாக எழுதியிருக்கிறாய் அப்பு என்று சொன்னேன்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் பேத்தி எலெக்ட்ரிக் கிட்டார் வேண்டும் என்றாள். கெட்டிக்காரி, பாட்டுக் குழுவில் அவளுக்கு மிஞ்சி ஆள் கிடையாது, இதை நான் சொல்லவில்லை, சாமியாரே சொன்னார். அதே மதுரைக்குப் போனோம். நான் மரத்தைத் தட்டவில்லை. தூக்கிக் கனம் பார்க்கவில்லை. கழுத்துச் சந்தில் நகம் வைக்கவில்லை. பெட்டிகளைத்தான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பிளக்கில் மூன்று பின் இருக்கிறதா, மூன்றாவது பின்னுக்கு உள்ளே வயர் இருக்கிறதா என்று திறந்து காட்டச் சொன்னேன். கடைப் பையன் சலித்துக்கொண்டான். பேத்தி வெட்கப்பட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டாள். அன்று கிட்டார் மட்டும் வாங்கினோம். பெட்டிக்கு எனக்குத் திருப்தி வர இரண்டு மாதம் ஆனது.

போன வாரம் அதே ஊரில் கொடியேற்றம். பேத்தி பாட்டுக் குழுவின் பெட்டியில்தான் வாசித்தாள். இத்தனை வருடமாக ஒரு காரியம் செய்துகொண்டு வருகிறேன், தம்பி. யார் வாசித்தாலும், தொடங்குவதற்கு முன்னால் நான் போய்ச் செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு, அந்தத் தரையில் வெறுங்காலோடு நின்று கம்பியைத் தொடுவேன். புறங்கையால். காயில் கட்டுகிறவர்தான் சொல்லிக் கொடுத்தார். உள்ளங்கையால் தொட்டால் கை மூடிக்கொள்ளும், புறங்கை என்றால் உதறிவிடும் என்று. ஊர்ச்சனம் நான் ஆசீர்வாதம் செய்வதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. பிள்ளைகளும் குனிந்து கிட்டாரை நீட்டுவார்கள்.

இந்தத் தடவை தரை நன்றாக நனைந்திருந்தது. பேத்தியின் கிட்டாரைத் தொட்டேன். ஒன்றுமில்லை. இன்னொரு தடவை தொட்டேன். நிமிர்ந்தபோது உன் வீட்டுக்காரி பக்கத்தில் நின்றாள். எப்போதிலிருந்து நின்றாள் என்று தெரியவில்லை.

"எதுக்கு அண்ணி பொறங்கையால தொடுறீக?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "உள்ளங்கையால தொட்டா விடாது" என்றேன்.

அவள் என் கையைப் பார்த்தாள். பிறகு என் காலைப் பார்த்தாள். சகதியில் பாதம் புதைந்திருந்தது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பேத்தி செருப்புக் காலோடு கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தாள். பின்னால் ஒரு கிழவி, கோயில் வாசலில் செருப்போடு நிற்கிறாளே என்று முணுமுணுத்தது எங்கள் இரண்டு பேர் காதிலும் விழுந்தது. உன் வீட்டுக்காரி அந்தக் கிழவியைத் திரும்பிப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். அப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பேத்தியிடம், "நீ செருப்பக் கழட்டாதத்தா" என்று மட்டும் சொன்னாள். சுவரோரம் போய், நான் கழற்றிப் போட்டிருந்த செருப்பை எடுத்துக்கொண்டு வந்து என் காலடியில் ஜோடியாக வைத்தாள். "போட்டுக்கங்க அண்ணி" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பிறகு போய்ப் பெண்களோடு உட்கார்ந்துகொண்டாள்.

பாட்டு தொடங்கியது. கொடி ஏறியது. நான் அங்கேயே ஒதுங்கி நின்றேன். அவள் எடுத்து வைத்ததை என்னால் காலில் போட முடியவில்லை, தம்பி. குனிந்து கையில் எடுத்துக்கொண்டேன். பஸ் நிற்கிற ரோடு வரைக்கும் அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் நடந்தேன்.